குவாரிமேட் நோட்டீஸின் நாலாவது வரி

அந்த யோசனை எனக்கு வந்தது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில். பஜ்ஜி மடித்துக் கொடுத்த ரோஸ் நிறக் காகிதத்தில் எண்ணெய் ஊறி, எழுத்து இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. திருச்சியில் யாரோ அச்சடித்த நோட்டீஸ். டிரிப்ராஜா என்ற கம்ப்யூட்டர் புரோகிராமைப் பற்றியது. லோடுக்கு நிற்கும் லாரிகளின் வரிசையை அது குழப்பமில்லாமல் வைத்திருக்குமாம். ஒருவர் முறையை இன்னொருவர் பறிக்க முடியாதாம். நல்ல ஓட்டமான தமிழ். என் பையில் இன்னொரு காகிதம் இருந்தது. எங்கள் கம்ப்யூட்டர் சென்டர் விற்கிற குவாரிமேட் என்ற புரோகிராமுக்கு மறுநாள் காலைக்குள் நான் எழுதித் தர வேண்டிய நோட்டீஸ். அதில் தலைப்பைத் தவிர ஒன்றும் இல்லை. இரண்டு புரோகிராமும் ஒரே வேலைக்குத்தான். பிறகு நான் எதற்கு முதலிலிருந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்? பெயரை மாற்றி, மற்றச் சொற்களுக்கு வேறு சொல் போட்டால் ஆயிற்று.

டீ ஆறுவதற்குள் எழுதி முடித்துவிட்டேன்.

சென்டரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்காக இதை எழுதுகிறேன். இந்த மாதத்தோடு நோட்டீஸ் மேஜையை விட்டு எழுந்து பக்கத்து மேஜைக்குப் போகிறேன். வேலை அனுபவம் என்று எழுதுவதெல்லாம் ஓய்வு பெற்றவர்கள் செய்வது என்று நூர்ஜஹான் கேலி செய்கிறார். எனக்கு இருபத்தாறு வயது. ஆனால் இந்த மேஜையில் மூன்று வருஷம் உட்கார்ந்தாயிற்று. செய்யக்கூடிய பெரிய தப்பையும் செய்தாயிற்று. மெஷினை எப்படிப் போடுவது, பிளாப்பியை எந்தப் பக்கம் சொருகுவது என்பதையெல்லாம் நூர்ஜஹான் சொல்லித் தருவார். அவர்தான் நம் ஆபரேட்டர், தினமும் லப்பைக்குடிக்காட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அவர் சொல்லித்தராத ஒன்றை நான் சொல்கிறேன்.

முதலில் சிவப்பு வட்டம். உங்கள் மேஜை டிராயரில் ஒரு சிவப்புப் பென்சில் கிடக்கும். அதற்குக் காரணம் நான்தான். சேர்ந்த புதிதில் மெட்ராஸ் கம்பெனி ஒன்றின் சம்பளப் பட்டியல் புரோகிராமுக்கு நோட்டீஸ் எழுதினேன். அதன் பெயர் பீகாக் பேரோல். தமிழ் ஆர்வத்தில் நான் ‘மயில் சம்பளப் பட்டியல்’ என்று எழுதிவிட்டேன். அச்சாகி, ஆயிரம் பிரதி ஊர் முழுக்கப் போயும் விட்டது. கம்பெனி ஆள் வந்து நோட்டீஸை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாம் நல்லா இருக்கு சார். இதுல எங்க புரோகிராம் எங்க?”

அன்று முதல் முதலாளி கலியபெருமாள் சார் ஒரு விதி போட்டார். எந்த நோட்டீஸ் வந்தாலும் கம்பெனி பெயரையும் பொருளின் பெயரையும் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட வேண்டும். “வட்டத்துக்குள்ள கைய வைக்காத. வெளிய உள்ளதெல்லாம் உன் இஷ்டம்” என்றார்.

அந்த இஷ்டத்தில்தான் நான் வளர்ந்தேன். நீளமான நோட்டு ஒன்று வைத்திருந்தேன். பக்கத்துக்கு ஒரு சொல். விரைவு, வேகம், துரிதம், சடுதி. எளிது, சுலபம், இலகு. ஒரு சொல்லுக்கு நேரே ஏழு சொல் வரை சேர்த்திருந்தேன். ஒரே பொருளுக்கு அரியலூருக்கு ஒரு நோட்டீஸ், ஜெயங்கொண்டத்துக்கு ஒன்று, துறையூருக்கு ஒன்று என்று அடித்துத் தள்ளினேன். கம்போசிட்டர் அச்சுக்கோக்கும் வேகத்தைவிட நான் எழுதும் வேகம் அதிகம். புரூஃப் பார்க்கும்போது வட்டத்தை மட்டும்தான் சரிபார்ப்போம். பெயர் சரியாக இருந்தால் ‘ஓகே’.

டிரிப்ராஜா நோட்டீஸில் நாலாவது வரி இப்படி இருந்தது: ‘மின்சாரம் தடைப்பட்டாலும் பதிந்த விவரம் அழியாது, விட்ட இடத்திலிருந்து தொடரும்.’

நான் எழுதியது: ‘கரண்ட் போனாலும் ஏற்றிய தகவல் மறையாது, நின்ற இடத்திலிருந்தே மீண்டும் ஓடும்.’

குவாரிமேட் என்ற பெயரைச் சுற்றி அழகான சிவப்பு வட்டம். கலியபெருமாள் சார் படித்துவிட்டு, “பேசற மாதிரி எழுதிருக்கடா” என்று தோளில் தட்டினார். ஆறடி தள்ளி நூர்ஜஹான் குவாரிமேட்டை ஓட்டிப் பழகிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவில்லை. சார் கேட்கவில்லை. கம்போசிட்டர் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

பத்து நாள் கழித்து செல்லமுத்து வந்தார்.

ஏ.சி. அறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், சட்டைப் பையிலிருந்து நோட்டீஸை எடுத்தார். நாலாக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்திருந்தது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் லோடு அடிக்கும் லாரிக்காரர்கள் சங்கத்தில் அவர் துணைச் செயலாளர். அவருடைய அப்பா விக்கிரமங்கலத்துப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர். இவர் கிளீனராகச் சேர்ந்து, டிரைவராகி, இப்போது சொந்தமாக ஒரு லாரி வைத்திருந்தார். ஒன்றே ஒன்று.

அந்த ‘ஒன்று’தான் விஷயம். குவாரி வாசலில் லாரிகள் முறை போட்டு லோடு ஏற்றும். வந்து பதிந்த வரிசைப்படி முறை. பதிகிறவர் சாமிதுரை என்ற சங்கத்து ஆள், இருபது வருஷமாக அதே பெஞ்சில். ஐந்து லாரி, எட்டு லாரி வைத்திருப்பவர்களின் வண்டி எப்போது வந்தாலும் மத்தியானத்துக்குள் லோடு ஏறிவிடுகிறது, ஒற்றை லாரிக்காரன் வண்டி மட்டும் சாயங்காலம் வரை வெயிலில் நிற்கிறது என்பது செல்லமுத்து தரப்பின் சந்தேகம். நிரூபிக்க முடியாத சந்தேகம்.

“மெஷினுக்கு யார் வண்டி எதுன்னு தெரியாதுல்ல?” என்று கேட்டார்.

“தெரியாதுங்க. நம்பர் மட்டுந்தான் தெரியும்” என்றேன்.

“அதான் வேணும்.” நோட்டீஸை மேஜையில் விரித்து, வரிவரியாக விரல் வைத்தார். “இத எழுதுனது யாரு?”

“நான்தாங்க.”

“நீங்க பாத்துருக்கீங்களா தம்பி, இது ஓடறத? கரண்ட் போயி, திரும்ப வந்து, வெவரம் அப்படியே நிக்கறத?”

கலியபெருமாள் சார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பல முறை எழுதிய வாக்கியம் பார்த்த மாதிரியே மனசில் பதிந்துவிடும். உங்களுக்கும் அது நடக்கும்.

“பாத்துருக்கேங்க” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நம்பினாரா என்று இன்றைக்கும் தெரியாது. ஆனால் விஷயத்தைச் சொன்னார். சங்கத்தில் சண்டை போட்டு, பதினைந்து நாள் மெஷின் வைத்துப் பார்க்க ஒப்புதல் வாங்கியிருக்கிறார். மெஷின் சரியாக நடந்தால் முறை இனி மெஷின் சொல்வதுதான். ஒரு நாள் சொதப்பினாலும் முறை சாமிதுரையிடமே போய்விடும், இனி யாரும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அப்படி எல்லார் முன்னிலையிலும் பேச்சு.

“ஒத்த லாரிக்காரன் அத்தன பேரும் என்னத்தான் பாத்துக்கிட்டிருக்கான். பாத்துக்கங்க தம்பி” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் அவர் மறுபடி வந்தபோது கையில் இரண்டு நோட்டீஸ் இருந்தது. ஒன்று நம்முடையது. இன்னொன்று அந்த ரோஸ் காகிதம், டிரிப்ராஜா. திருச்சி போன யாரோ கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். இரண்டையும் என் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்து, இரண்டு கைவிரலால் ஒரே நேரத்தில் மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டு வந்தார்.

“மொத வரி லைன் கொழப்பம். இதுலயும் மொத வரி அதான். ரெண்டாவது மொற பறிக்கறது. இதுலயும். மூணாவது சின்னப் புள்ளகூட ஓட்டும்ங்கறான். இவன் படிக்காதவரும் இயக்கலாம்ங்கறான். நாலாவது கரண்டு.” நிமிர்ந்தார். “வேற வேற வாயி, ஒரே பேச்சு. என்ன தம்பி இது?”

எனக்கு வியர்த்தது, ஏ.சி.யில்.

“ரெண்டும் ஒரே கம்பெனியா? இல்ல சாமிதுரை பக்கத்து ஆளு யாராச்சும் ரெண்டு பேர்ல கடை தொறந்து, எது வாங்குனாலும் அவன் கைக்கே போற மாதிரி வச்சுருக்கானா? நெசத்தச் சொல்லுங்க.”

அவருடைய சந்தேகம் தப்பான திசையில் போனதில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே சொல்கிறேன்.

“அய்யய்யோ, சத்தியமா இல்லீங்க. வேற வேற கம்பெனி. சாமிதுரைங்கறவர நான் பாத்ததுகூட இல்ல” என்றேன். எல்லாமே உண்மை. ஒவ்வொரு வார்த்தையும் உண்மையாக இருந்து மொத்தமும் பொய்யாக இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவர் போனதும் நூர்ஜஹானிடம் எழுந்து போனேன். முதல் முறையாக.

“குவாரிமேட்ல பதிஞ்சுகிட்டு இருக்கும்போது கரண்ட் போனா என்ன ஆவும்?”

“போயிடும்” என்றார் திரும்பாமல்.

“எது?”

“பதிஞ்சது. சேவ் பண்ணிருந்தா அது வரைக்கும் இருக்கும். ஒரு தடவ சேவ் ஆவ ஒரு நிமிஷத்துக்கு மேல ஆவுது.” பிறகுதான் திரும்பினார். “ஏன், உங்களுக்குத் தெரியாதா? நோட்டீஸ்ல மறையாதுன்னு போட்டீங்களே. படிச்சுட்டு, சார் புது வெர்ஷன் வாங்கப் போறாரு போலன்னு நெனச்சேன்.”

கலியபெருமாள் சாரிடம் போனேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கேட்டார்.

“டேய் சேகரு. நீ எழுதுனதப் பாத்து நானும் அது இருக்குன்னுல்ல நெனச்சேன்.”

நான் அவருக்குத் தெரியும் என்று நினைத்தேன். அவர் எனக்குத் தெரியும் என்று நினைத்தார். தெரிந்த ஒரே ஆள் நோட்டீஸை நம்பிவிட்டார். சொந்தக் கடை நோட்டீஸில் சொந்தக் கடைக்காரர்களே ஏமாந்த கதை இது.

செல்லமுத்துவிடம் சொல்லிவிடலாம் என்றேன். சார் தலையாட்டினார், வேண்டாம் என்று. “பதினஞ்சு நாள்தானே. ஒவ்வொரு வண்டிக்கும் சேவ் பண்ணச் சொல்லு. யாருக்குத் தெரியப் போவுது? பூசி மெழுகி ஓட்டிரலாம். நீ அதுக்குள்ள அந்த வரிய மட்டும் கொஞ்சம் எளக்கி வேற நோட்டீஸ் போடு.”

அந்த வரியை இளக்க உட்கார்ந்தேன். ‘எளிதில் மறையாது.’ ‘பெரும்பாலும் நிலைக்கும்.’ ‘தகவல் பாதுகாப்பில் முன்னோடி.’ நோட்டு முழுக்கச் சொல் இருந்தது. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் முதலில் சொன்ன பொய்க்கு வேறு சட்டை. பேனாவை மூடி வைத்தேன். ஆனால் அரியலூருக்குப் போய் உண்மையைச் சொல்லவும் இல்லை. எழுதாமல் விட்டதையே பெரிய நேர்மையாக நினைத்துக்கொண்டேன்.

முதல் நாள். மெஷினையும் பிரிண்டரையும் வேனில் ஏற்றி, பெட்ஷீட் சுற்றி, நானும் நூர்ஜஹானும் அரியலூர் போனோம். சங்கத்து ஷெட் தகரக் கூரை. எதைத் தொட்டாலும் கையில் வெள்ளைத் தூசி ஒட்டியது. டிரைவர்கள் வாசலில் நெருக்கியடித்து நின்று, பச்சை எழுத்து ஓடுவதைப் பார்த்தார்கள். சாமிதுரை மூலைப் பெஞ்சில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கோபமே இல்லாத முகம்.

“பொட்டி பேசுமா?” என்று கேட்டார்.

“பேசாதுங்க” என்றார் நூர்ஜஹான்.

“நல்லது. நான் பேசித்தான் கெட்ட பேரு வாங்குனேன்.”

வண்டி பதிய ஆரம்பித்தோம். நூர்ஜஹான் நான் சொல்லியிருந்தபடி முதல் வண்டிக்கே சேவ் போட்டார். பிளாப்பி கரகரவென்று சுற்றியது. வாசலில் முணுமுணுப்பு. இரண்டாவது வண்டிக்கும் சேவ். “என்னம்மா, ஒரு நம்பர் அடிக்க ஒரு பீடி குடிச்சிரலாம் போலருக்கு” என்றான் ஒருவன். மூன்றாவது வண்டிக்குச் செல்லமுத்துவே குனிந்தார்.

“எதுக்கும்மா ஒவ்வொண்ணுக்கும் நிறுத்தறீங்க?”

“சேவ் பண்றேங்க. கரண்ட் போனா...”

“அதெல்லாம் வேணாம்மா. போனாலும் போவாதுன்னு நோட்டீஸ்லயே போட்டுருக்காங்களே. நீங்க மடமடன்னு அடிங்க. பயலுவ கத்தறானுவ.”

நூர்ஜஹான் என்னைப் பார்த்தார். செல்லமுத்துவும் சிரித்தபடி என்னைப் பார்த்தார். நீ எழுதியதுதானே, நீயே சொல்லு என்கிற சிரிப்பு. நான் சொல்ல வேண்டியது நாலே வார்த்தை. தலையை மட்டும் ஆட்டினேன். நூர்ஜஹான் மடமடவென்று அடித்தார்.

பதினோரு மணி வாக்கில் ஃபேன் நின்றது. ஸ்டெபிலைசரின் உறுமல் அடங்கியது. திரையில் பச்சை எழுத்து ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. இருபத்து மூன்று வண்டி பதிந்திருந்தோம். சேவ் ஆகியிருந்தது இரண்டு.

“ஒண்ணும் ஆவாது” என்று செல்லமுத்து வாசலைப் பார்த்து உரக்கச் சொன்னார். “கரண்ட் வந்ததும் நின்ன எடத்துலேர்ந்து ஓடும்.”

“வரட்டும், பாப்போம்” என்றார் சாமிதுரை. வெற்றிலையை வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டார்.

இப்போது நான் யோசித்ததை மறைக்காமல் சொல்கிறேன். கரண்ட் வந்ததும், வோல்டேஜ் எகிறி மெஷின் கெட்டுவிட்டது என்று சொல்லலாம். தூசி என்று சொல்லலாம். நூர்ஜஹான் தப்பாக எதையோ அழுத்திவிட்டார் என்றுகூடச் சொல்லலாம். அந்தக் கடைசி எண்ணம் வந்தபோது பக்கத்தில் அவர் முந்தானையால் கீபோர்டைத் தூசி படாமல் மூடிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகு உட்கார முடியவில்லை. செல்லமுத்துவை ஷெட்டுக்குப் பின்னால் கூப்பிட்டேன்.

“அண்ணே, வெவரம் போயிருச்சு. இந்தப் புரோகிராம்ல அந்த வசதி இல்ல. நோட்டீஸ் நான் திருச்சி நோட்டீஸப் பாத்து, வார்த்தைய மாத்தி எழுதுனது. பாத்தேன்னு சொன்னதும் பொய்.”

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குவாரிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எப்பத் தெரியும் ஒனக்கு?” ‘நீங்க’ போய்விட்டது.

“ஒரு வாரமாத் தெரியும்.”

“வா. எங்கிட்ட சொன்னத அங்க வந்து சொல்லு.”

உள்ளே போய் எல்லார் முன்னாலும் சொன்னேன். யாரோ சிரித்தார்கள். யாரோ, “செல்லமுத்து எவ்வளவு வாங்குனாரு?” என்றார்கள். சாமிதுரை எழுந்து வந்து, மடியிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். அவரும் காலையிலிருந்து ஓரமாக உட்கார்ந்து நம்பர் குறித்து வைத்திருந்தார்.

“கேளுங்க, படிக்கறேன். இதான் மொற.”

“உங்க நோட்ட நம்பறதுக்கா பொட்டி வாங்கியாந்தோம்?” என்றான் ஒரு டிரைவர்.

“அப்ப எத நம்புவ? அணைஞ்ச பொட்டியவா?”

சத்தம் ஏறியது. ஒருவன் வண்டியை எடுத்து நேராகக் குவாரி வாசலுக்கே போகப்போவதாகக் கிளம்பினான். அவன் போனால் எல்லாரும் போவார்கள்.

அப்போது வயசான டிரைவர் ஒருவர், “டயரப் போயிப் பாருங்கடா” என்றார்.

எனக்குப் புரியவில்லை. நூர்ஜஹானுக்கும் புரியவில்லை. செல்லமுத்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. பதிந்த பிறகு லாரிகள் வரிசையாக நிற்பதில்லை. நிழல் கிடைத்த இடத்தில், புளியமரத்தடியில், பஞ்சர் கடையில் என்று சிதறி நிற்கும். அதனால் ஒவ்வொரு டிரைவரும் பதிந்துவிட்டுப் போனதும், கீழே கிடக்கிற ஒரு சுண்ணாம்புக்கல்லை எடுத்து, தன் முன் டயரில் ஒரு நம்பர் எழுதுவான். தன் நம்பர் இல்லை. தனக்கு முன்னால் பதிந்த வண்டியின் நம்பர். ‘இவனுக்கு அடுத்தவன் நான்’ என்று அர்த்தம். பதிகிற ஆளை நம்பாததால் வந்த பழக்கம். இருபது வருஷச் சந்தேகம் டயர் டயராக எழுதியிருந்தது. மெஷின் வந்த அன்றைக்கும் ஒருவன்கூட அதை எழுதாமல் விடவில்லை.

வெயிலில் இறங்கினோம். நூர்ஜஹான் நோட்டும் பென்சிலுமாக. இந்த டயரில் யார் நம்பர், அந்த வண்டி எங்கே, அதன் டயரில் யார். ஒன்றைப் பிடித்து அடுத்தது, அதைப் பிடித்து அதற்கு முந்தியது. பத்து, பன்னிரண்டு, பதினைந்து வண்டி வரை கோத்துக்கொண்டே வந்தது. எனக்கு உடம்பெல்லாம் ஏதோ ஓடியது. பயத்தோடு சேர்ந்து வேறொன்றும். அது என்னவென்று அப்போது யோசிக்க நேரமில்லை.

பதினாறில் அறுந்தது. 3318-க்கு அடுத்தவன் நான் என்று இரண்டு வண்டி சொன்னது. ஒன்று 2291, எட்டு லாரி வைத்திருப்பவருடையது. இன்னொன்று 5072. செல்லமுத்துவின் சொந்த வண்டி. இவர்களுக்குப் பின்னால் பதிந்தவன் டயரைப் பார்த்துத் தீர்க்கலாம் என்றால், அங்கே எழுத்து உரசி அழிந்து கிடந்தது.

இரண்டு டிரைவரும் சத்தியம் செய்தார்கள். சாமிதுரை நோட்டைப் பார்த்து, “மொதல்ல ரெண்டாயிரத்து எரநூத்துத் தொண்ணூத்தொண்ணு” என்றார். அவர் அப்படித்தான் சொல்வார் என்று ஒரு கூட்டம். செல்லமுத்து தன் வண்டி என்பதால் அழித்து எழுதச் சொல்லியிருப்பார் என்று இன்னொரு கூட்டம். முன்னால் யார் என்பது மெஷினுக்குத் தெரிந்திருந்தது. மெஷின் பெட்ஷீட்டுக்கு அடியில் கிடந்தது.

செல்லமுத்து தன் வண்டி டயர் முன்னால் உட்கார்ந்து அந்த எழுத்தை வெகுநேரம் பார்த்தார். தன் டிரைவரை ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

“என் வண்டி கடைசிக்குப் போவட்டும்.”

“அண்ணே, நம்ம வண்டிதான் மொதல்ல...” என்றான் அவர் டிரைவர்.

“கடைசிக்குப் போடா.”

அத்தோடு சத்தம் அடங்கியது. மற்ற வண்டிகள் டயர் சொன்ன முறையில் நகர்ந்தன. 5072-க்கு அன்று லோடு கிடைக்கவில்லை.

சாயங்காலம் வேனில் சாமானை ஏற்றும்போது செல்லமுத்துவிடம் போய் நின்றேன். ஏன் விட்டுக்கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

“என் டிரைவர் பொய் சொன்னானா இல்லையான்னு எனக்குத் தெரியாது தம்பி. நீ சொன்னது பொய்யின்னு தெரியும். ஒன்னயக் கூட்டியாந்தது நானு.”

மெஷின்மேல் பெட்ஷீட்டை இறுக்கிக் கட்டிவிட்டு வேனில் ஏறினேன்.

ஒரு நாள் சொதப்பினாலே போயிற்று என்பதுதான் பேச்சு என்றாலும், செல்லமுத்து தன் முறையை விட்டுக்கொடுத்ததைப் பார்த்த சங்கம் மீதிப் பதினான்கு நாளையும் மெஷினுக்கு விட்டது. வண்டிக்கு வண்டி சேவ், வண்டிக்கு வண்டி முணுமுணுப்பு. கடைசியில் சங்கம் கூடி, மெஷின் இப்போதைக்கு வேண்டாம் என்றது. முறை சாமிதுரையிடமே. ஆனால் செல்லமுத்து விடவில்லை. அவர் பக்கத்து ஆள் ஒருவர் கூடவே உட்கார்ந்து எழுதலாம் என்றும், கரண்ட் போனாலும் போகாத மெஷின் என்று ஒன்று இருந்தால் அதை எல்லார் கண் முன்னாலும் காட்டினால் மறுபடி பேசலாம் என்றும் ஒரு இடம் வாங்கி வைத்தார்.

உடனே டிரிப்ராஜாவைப் பார்க்கத் திருச்சிக்கே போனார். நானும் கூடப் போனேன், அவர் கூப்பிடாமலே. அந்தக் கடைக்காரர் வாய் நிறையப் பேசினார். செல்லமுத்து ஐந்து வண்டி நம்பரைப் பதியச் சொன்னார், எழுந்து போய் மெயின் சுவிட்சை இறக்கினார், திரும்ப ஏற்றினார். ஐந்து நம்பரும் இல்லை. கடைக்காரர் தன்னுடைய நோட்டீஸையே எடுத்து நாலாவது வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார், அதில் ஏதோ தப்பாக அச்சாகிவிட்ட மாதிரி. அவர்கள் யாரைப் பார்த்து எழுதினார்களோ. யாரிடமும் இல்லாத ஒரு வசதி எத்தனை ஊர் நோட்டீஸில், எத்தனை விதமான சொற்களில் சுற்றிக்கொண்டிருந்ததோ.

ஆகவே உங்களுக்கு. சிவப்புப் பென்சிலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பெயரை வட்டம் போடுங்கள். பிறகு ‘ஆகும்’, ‘ஆகாது’, ‘போகாது’, ‘மறையாது’ என்று முடிகிற ஒவ்வொரு வாக்குறுதியையும் வட்டம் போடுங்கள். அந்த வட்டத்தை எடுத்துக்கொண்டு ஆறடி நடந்து நூர்ஜஹானிடம் போங்கள். செய்து காட்டச் சொல்லுங்கள். காட்டினால் அதற்கு எத்தனை சொல் வேண்டுமானாலும் மாற்றுங்கள், என் நோட்டை உங்களுக்கே விட்டுப் போகிறேன். காட்ட முடியாவிட்டால் வரியை அடியுங்கள். மிச்சமிருந்த குவாரிமேட் நோட்டீஸ் எல்லாவற்றிலும் நாலாவது வரியைக் கறுப்பு மையால் நானே அடித்தேன். கலியபெருமாள் சார், “அசிங்கமா இருக்குடா” என்றார். ஆனால் தடுக்கவில்லை.

நான் பக்கத்து மேஜைக்குப் போவது எதற்கென்று நீங்கள் கேட்கவில்லை. சொல்கிறேன். வெயிலில் டயர் டயராக அலைந்தபோது உடம்பில் ஓடியதைப் பிறகு நிதானமாக உட்கார்ந்து யோசித்தேன். அந்த டிரைவர்கள் வரிசையை ஒரே இடத்தில் வைக்கவில்லை. ஆளுக்கு ஒரு கண்ணியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஷெட்டே எரிந்தாலும் வரிசை எரியாது. நூர்ஜஹானும் நானும் இரண்டு மாதமாக பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒரு வண்டி பதிந்ததும் அந்த ஒரு வண்டியை மட்டும் பிளாப்பியில் எழுதும், ஒரு நிமிஷம் எடுக்காது. கூடவே பிரிண்டரில் ஒரு சீட்டு வரும். அதில் டிரைவருடைய நம்பர், நேரம், அவனுக்கு முன்னால் பதிந்தவன் நம்பர். சீட்டு டிரைவர் பையில். இரண்டு பேர் ஒரே நம்பரைச் சொல்ல முடியாது. கரண்டை நிறுத்திப் பார்த்ததில் இரண்டு தடவை எங்கள் மேஜையில் தோற்றிருக்கிறது. மூன்று தடவை விவரம் அப்படியே நின்றிருக்கிறது. ஏன் தோற்றது என்று ஒரு தடவைக்குத்தான் காரணம் தெரியும்.

அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. நோட்டீஸ் எப்போது என்று சார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அரியலூர் ஷெட்டுக்குக் கொண்டுபோகிறோம். சங்கத்துக்காரர்கள் எல்லாரையும் செல்லமுத்து கூப்பிட்டிருக்கிறார். மறுபடியும் அவர் பேச்சை நம்பித்தான் வருகிறார்கள். மெயின் சுவிட்சை இறக்கும் வேலையைச் சாமிதுரையிடம் கொடுத்திருக்கிறோம். எத்தனை வண்டிக்கு அப்புறம் இறக்குவார் என்று எங்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.